இறங்கத் தெரியாமல் ஏறிய சைக்கிள்

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த சில மாதங்களில், மதுரையிலிருந்து என்னைப் பார்க்க வந்த அண்ணனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். "அடுத்த மாசம் வந்து என்னியக் கூட்டிட்டுப் போயிருண்ணே. என்னால இங்க இருக்க முடியாது." மாமியார் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள், மாமியாரே எங்களோடு இல்லை. சுரங்கத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரோ தங்கமான மனுஷர். அண்ணனிடம் நான் சொன்னதைக் கேட்டு அவர் சண்டை போடவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். என் குறை ஒன்றே ஒன்று. கடை தூரம்.

சிரிக்காதீர்கள். நான் ஒரு சந்துக்குள் வளர்ந்தவள். குழம்பைக் கொதிக்கவிட்டு ஓடிப்போய்க் கறிவேப்பிலை வாங்கி வந்து, அதே குழம்பைத் தாளித்து இறக்குவோம். மளிகை, காய், பூ, மருந்து எல்லாம் கூப்பிடு தூரம். நெய்வேலியில் ஒவ்வொரு பிளாக்கும் ஓர் ஊர் அளவு. ரோடு அகலமோ அகலம், இரண்டு பக்கமும் மரம், ஆளைத்தான் காணோம். எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் கோடியில் இருந்தது. பஜாருக்கு வெறுங்கையோடு நடந்து போய்விடலாம். பையோடு திரும்புவதற்குள் தோள் கழன்றுவிடும். டவுன் பஸ் அது நினைத்தபோது வரும். வீட்டிலிருந்த ஒரே சைக்கிள் அவரோடு ஷிப்டுக்குப் போய்விடும்.

அதனால் கடை கண்ணியெல்லாம் அவர் பொறுப்பு. வேலை முடிந்து களைத்து வருகிறவர் கண்ணில் பட்டதை வாங்கி வருவார். கொத்தமல்லி கேட்டால் புதினா வரும். வெண்டைக்காய் கேட்டால் முற்றிப்போய் விறகாக வரும். ஒரு வாரம் முழுக்கச் சுரைக்காய் சமைத்தேன். அவரைத் திட்டவும் மனசு வராது. ஒரு நாள் பருப்பு வெந்த பிறகு பார்க்கிறேன், ஜாடியில் புளி இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். புளிக்காக ஒருத்தி அழுவாளா என்றால், அழுதேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குறிஞ்சிப்பாடிக்கார அம்மா ஒருவர் இருந்தார். அவரிடம் புளி கேட்கப் போனபோது, வீங்கிய கண்ணைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டார். புளியைக் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற தன் லேடீஸ் சைக்கிளைக் காட்டினார்.

"இத்த ஓட்டக் கத்துக்கினா என்னாங்க?"

"ஐயையோ, சேலையோடயா? யாராச்சும் பாத்தா?"

"யாருங்க பாக்கப் போறா? இந்தத் தெருவுல ஆளுக்கொரு ஊரு. உங்க அம்மா வூட்டுல போயி சொல்றதுக்கு இங்க யாரு இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சந்தில் கூப்பிடு தூரத்தில் கடை இருந்தது உண்மை. கூப்பிடு தூரத்தில் வாசலுக்கு வாசல் ஓர் அத்தையும் இருந்தாள். எங்கே போகிறாய், ஏன் இவ்வளவு நேரம், யாரோடு பேசினாய் என்று பதில் சொல்லிக்கொண்டேதான் கறிவேப்பிலை வாங்கியிருக்கிறேன். இங்கே கேட்க நாதியில்லை. அப்பாடா என்று இருந்தது, வந்ததிலிருந்து முதல் முறையாக.

மத்தியானங்களில் பழகினோம். "மிதிங்க, நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். ஆள் எப்போதோ கையை விட்டிருப்பார். நான் சபித்த அகலமான ரோடு எப்படி வளைந்தாலும் என்னைத் தாங்கிக்கொண்டது. ஓட்ட வந்துவிட்டது. இறங்கத்தான் வரவில்லை. கால் ஊன்ற ஒரு கல் வேண்டும், இல்லையென்றால் நிற்க மாட்டேன். அந்த அம்மாவின் சைக்கிளை இரவல் வாங்கித் தனியாகப் பஜாருக்குப் போன அன்று கல்லைத் தேடி ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஒரு காய்கறிக் கடையோரம் தோதான கல் ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து நான் அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கை. கடைக்காரர் தன் காயின் பெருமை என்று நினைத்திருப்பார். நானே நுனி ஒடித்துப் பார்த்து வெண்டைக்காய் பொறுக்கியபோது இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

சொன்னபடியே அண்ணன் வந்தார். விருந்துக்குக் காய் வாங்கப் போன நான் திரும்பும்போது கேட்டருகே நின்றிருந்தார். ஹாண்டில்பாரில் பை ஆட, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வருவது தன் தங்கைதானா என்று வாய் பிளந்து பார்த்தார்.

"தள்ளுண்ணே! தள்ளு! எனக்கு இறங்கத் தெரியாது!"

அவர் துள்ளி விலகினார். நான் வாசற்படியில் காலை ஊன்றி நின்றேன்.

"பொட்டியக் கட்டிட்டியாத்தா?" என்றார், மூச்சு வந்ததும்.

"மொதல்ல சாப்பிடுண்ணே."

சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன், நான் வரவில்லை என்று. ஏன் எதற்கு என்று அவர் குடையவில்லை. சாயங்காலம் அவர் பையைக் கேரியரில் வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அம்மா வாசலயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்த்தா. நீ எங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

"கடைக்குப் போயிருக்கான்னு சொல்லுண்ணே."