பிலவேந்திரன் அண்ணனின் பயம்

செவ்வாய்க்கிழமை காலை மின்னி பே குடியிருப்பிலிருந்து பிலவேந்திரன் அண்ணனின் மனைவி அழைத்தார். "தம்பி, அண்ணன் எந்திரிக்கல" என்றார். தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் பயப்படாமல் செய்கிற ஒரே காரியம் தூக்கம்தான் என்று அலுவலகத்தில் நாங்கள் கேலி செய்வதுண்டு. இனிச் செய்யமாட்டோம்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். எங்கள் தீவுகளின் மாயாபந்தர் படகுத்துறை அலுவலகத்தில் என்னோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கப்பலில் ஏறினால் முதலில் உயிர்காக்கும் மிதவையைத் தேடுவார், இருக்கை பிறகுதான். பூரானுக்குப் பயந்து செருப்பை உதறாமல் போடமாட்டார். "பயம் இருக்கறவன்தான் ரிட்டயர் ஆவான்" என்பார். ஆனார்.

மதுரையிலிருந்து என் மனைவியின் தம்பி செந்தில் வந்திருந்தபோது மூவரும் காட்டுக்குப் போனோம். கோடரி படாத பழங்காடு. அண்ணன் வந்தது காட்டைப் பார்க்க அல்ல, எங்களைத் தனியே அனுப்பப் பயந்து. வேர்கள் ஆளுயரத்துக்கு மதில்போல் எழுந்து நின்றன. மரங்களின் உச்சியைப் பார்க்க எங்களுக்குக் கழுத்து போதவில்லை. அண்ணனோ தம் காலடியை மட்டுமே பார்த்து நடந்தார்.

"மூணு மணி ஆச்சு. திரும்பிருவோம். அந்தேரா ஆயிரும்."

செந்தில் சிரித்தான். "மூணு மணிக்கு யாராச்சும் இருட்டும்பாங்களாண்ணே? எங்கூர்ல ஆறரை வரைக்கும் கிரிக்கெட் ஆடுவோம்."

"அது மெயின்லேண்ட் சூரியன், தம்பி. இங்க உள்ளது அஞ்சுக்கே கடைய அடைச்சிரும்."

தீவுக்கும் மதுரைக்கும் கடிகாரம் ஒன்றே. அந்தச் சுற்றறிக்கை சூரியனுக்கு வரவில்லை. செந்தில் மேலே நடந்தான். மனைவியின் தம்பியை மறுத்துப் பேசும் துணிச்சல் எனக்கில்லை. எங்களை விட்டுவிட்டுத் திரும்பும் துணிச்சல் அண்ணனுக்கும் இல்லை.

மரங்களின் அடியில் சீக்கிரமே இருட்டியது. பாதை முதலில் மங்கியது, பிறகு இல்லாமல் போயிற்று. மரங்களைப் படமெடுத்தே மூன்று கைப்பேசிகளின் சார்ஜையும் செந்தில் தீர்த்திருந்தான். தடவித் தடவி நடந்து ஓர் உப்பங்கழியின் கரையில் வந்து நின்றோம். அக்கரையில் ஒரு விளக்கு தெரிந்தது. முழங்கால் தண்ணீர்தான் என்று செந்தில் பேண்ட்டை மடித்தான். அப்போது கனமான ஏதோ ஒன்று கரையிலிருந்து தண்ணீருக்குள் நழுவியது. சத்தம் பெரிதில்லை.

அண்ணன் அவனது பெல்ட்டைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டார்.

"விடுங்கண்ணே, மீனு!"

"மீனாவே இருக்கட்டும். எனக்கு பயமா இருக்கு. நீ போனா நானும் இழுபட்டு வரணும். என்னைக் கொன்னுராதல."

கெஞ்சுகிறவரை உதறிவிட்டு இறங்க அவனால் முடியவில்லை.

பிறகு அண்ணன் உரக்க மன்றாட்டு மாலையைத் தொடங்கினார். அந்திநேரத்தில் அவர்கள் வீட்டு வழக்கம் அது: ஒருவர் புனிதர்களை ஒவ்வொருவராக அழைக்க, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். "சும்மா நிக்கீங்களே, பதில் சொல்லுங்கல!" என்று எங்களை அதட்டினார். நான் முருக பக்தன்; செந்தில் கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறவன். அவன் குரல்தான் உரக்கக் கேட்டது. புனிதர்கள் தீர்ந்ததும் அண்ணன் செத்துப்போன சித்தப்பாக்களை அழைத்தார். தண்ணீர் மறுபடி சலசலத்தது, இம்முறை மிக அருகில். அவர் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை.

"கோன் ஹை? இதர் சர்ச் நஹி ஹை!"

யாரது, இங்கே சர்ச் கிடையாதே என்று அக்கரையிலிருந்து குழம்பிக் கத்தியவர் கரேன் இனத்து விவசாயி ஒருவர். அவருடைய டார்ச் ஒளியில், செந்தில் இறங்கவிருந்த இடத்திலேயே, ஒரு முதலையின் இரண்டு சிவந்த கண்கள் மினுங்கின. பிறகு மெல்ல அமிழ்ந்தன.

அந்த விவசாயியின் தோணி எங்களைக் கரையேற்றியது. தார்ச்சாலைக்கு வந்த பிறகும் அண்ணனின் பிடி தளரவில்லை.

"அண்ணே, ரோடு வந்துருச்சு. விடுங்க."

"உனக்கு வந்துருச்சு. எனக்கு இன்னும் வரல, தம்பி."

நேற்று கல்லறைத் தோட்டத்தில், இனி அவருக்கு அச்சம் ஏதும் இல்லை என்று பாதிரியார் உறுதி கூறினார். நல்ல மனிதர். ஆனாலும் அங்கே போய்ப் பார்த்து வந்தவரல்ல. பிலவேந்திரன் அண்ணே, எதற்கும் சுற்றுமுற்றும் பார்த்தே காலை வையுங்கள்.