துவைத்த புடவையும் துரை போன வழியும்

திருக்கழுக்குன்றத்து மலைமேல் இருக்கிறவரை நம்பி மாதாமாதம் கிரிவலம் வருகிற உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அந்த நாளை நினைத்தாலே உடம்பு அலுத்துப்போகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஐம்பத்தி நாலாம் வருஷம் என் வீட்டுக்காரருக்கு வயிற்றுப் புண் முற்றிவிட்டது. கஞ்சி கூட இறங்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆபரேஷன் செய்தாக வேண்டும், கார்த்திகையில் கொண்டுவந்து சேருங்கள், ஒரு மாசமாவது தங்க வேண்டும், கூட ஆள் வேண்டும் என்றார்கள். கூட ஆள் என்றால் நான்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லை என்றால் துரை கோபித்துக்கொள்வான். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த துரை அவன். ஏரிக்கரையில் கண் திறக்காமல் கிடந்த நாய்க்குட்டியை என் வீட்டுக்காரர் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தார். செவலை நிறம். ஒரு காது நிமிராது. எங்கள் ரெண்டு பேர் கையால் போட்டால்தான் சாப்பிடுவான், அத்தனை திமிர். ஊரே சிரிக்கும். நாங்கள் கவலைப்பட்டதில்லை.

மாமல்லபுரத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து கிளம்ப நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோழிகளை நாத்தனாரிடம் விட்டேன். நெல்லை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றினேன். கஷ்டம் துரையோடுதான். ஆஸ்பத்திரிக்கு நாயைக் கொண்டுபோக முடியுமா? பக்கத்து வீட்டு ராஜாத்தியை ஒரு வாரம் முன்னாலேயே கேழ்வரகுக் களியும் மோரும் பிசைந்து வைக்கப் பழக்கினேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் கையால் தின்றான். எழுந்து போனால் வாயை மூடிக்கொண்டான். கடைசியில் ஒரு யோசனை வந்தது. நான் உடுத்தி அழுக்காக்கின புடவையை அவள் மாட்டுக் கொட்டகையில் அவனுக்குப் படுக்கையாகப் போட்டேன். அதன்மேல் படுத்துக்கொண்டு தின்றான். எனக்கு நிம்மதியாயிற்று.

என் வீட்டுக்காரரால் பஸ்ஸில் உட்கார முடியாது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, படுக்க வைத்துக் கொண்டுபோனேன். துரையைக் கட்டிப்போட்டிருந்தோம். அவன் கத்தின கத்து ஏரி தாண்டியும் கேட்டது. இவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்தது. பிழைத்தார். ஆனால் எழுந்து நிற்கவில்லை. அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த வாரமே சேதி வந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். துரையைக் காணோம். தீபத்துக்கு முதல் நாளே கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

அன்றிலிருந்து என் நாக்கில் பொய்தான். கண் திறந்ததும் இவர் கேட்பார்: “அவன் துன்னானாமா?” நான், “துன்னானாம், நல்லா கீறானாம்” என்பேன். ராத்திரியெல்லாம் வராந்தாவில் முழித்துக் கிடப்பேன். எங்கே அடிபட்டுக் கிடக்கிறானோ என்று நினைப்பு ஓடும். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அடுத்த கட்டில்காரரின் தாயார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார். அரிசி எடுத்து வருகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். எத்தனையோ தடவை வரிசையாக வேண்டியிருக்கிறேன், இதைக் கொடு, அதைக் கொடு என்று. அன்றைக்கு ஒரு வார்த்தை கூட வரவில்லை. “முடியலப்பா” என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

ஊரில் ராஜாத்தி என்னைக் கண்டதும் ஓவென்று அழுதாள்.

“தீபத்துக்கு வூடெல்லாம் கழுவினேன்க்கா. நல்ல நாளும் அதுவுமா அழுக்குப் பொடவ கெடக்கக் கூடாதுன்னு அதையும் தொவச்சிப் போட்டேன். அன்னிக்கு துன்னவே இல்ல. மறுநாள் காலையில பாத்தா கயிறுதான் கீது.”

சவுக்காரம் போட்டு, வெளுக்கத் துவைத்து, மடித்து வைத்திருந்தாள். அவளை என்ன சொல்வது? தீபத்துக்கு நானும் அப்படித்தான் செய்வேன். ஏரி, தோப்பு, கடற்கரை வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே போனேன். குரல் கம்மிப்போனதுதான் மிச்சம்.

வெறுங்கையோடு திரும்பினேன். பஸ் மறுபடி திருக்கழுக்குன்றம் வந்து, சங்கு தீர்த்தக் குளத்துப் பக்கமாகப் போகும்போது முன்னால் புகை வந்தது. இஞ்சின் சூடாகிவிட்டது, எல்லோரும் இறங்குங்கள் என்றார் கண்டக்டர். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சாமிமேலேயே வந்தது. கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் போகட்டும், இதுவும் வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே முகம் கழுவக் குளத்துக்குப் போனேன்.

கரையில் தண்ணீர் காட்ட நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் சக்கரத்தை ஒரு நாய் மோந்துகொண்டிருந்தது. எலும்பும் தோலும். ஒரு காது நிமிரவில்லை.

“துரை!” என்றேன். கம்மின குரல் அவனுக்குக் கேட்டுவிட்டது. ஓடி வரத் தெம்பில்லாமல் நடந்து வந்து என் காலடியில் விழுந்தான். படித்துறையில் பூ விற்கிற அம்மாள் சொன்னார்: “உன் நாயா? தீபத்துலேர்ந்து இங்கயே கீது. சோறு போட்டா மூஞ்ச திருப்பிக்குது. வர்ற வண்டியெல்லாம் மோந்து பாத்துகினே கீது.” எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவரைக் கொண்டுபோன அன்றைக்கு எங்கள் வண்டிக்காரரும் அங்கேதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அதுவரை வண்டித் தடத்தை மோந்துகொண்டே வந்தவனுக்கு அதற்கு மேல் வழி தெரியவில்லை. நான் மலையைப் பார்த்து அங்கேயே விழுந்து கும்பிட்டேன். பஸ் நின்றதற்குத் திட்டினேனே, அதற்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

“நாயெல்லாம் ஏத்த மாட்டேம்மா, வேலை பூடும்” என்றார் கண்டக்டர். அவர்மேல் தப்பில்லை. செங்கல்பட்டுக்கு வைக்கோல் ஏற்றிப் போன வண்டிக்காரர் ஒருவர், “ஏறும்மா, அதையும் தூக்கிப் போடு” என்றார். வழியெல்லாம் துரை என் மடியில் கிடந்தான். பாதம் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. என் கையால் பொரி ஊட்டினேன். தின்றான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அவனை வராந்தா ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக நடந்தார். வராந்தாவுக்கு வந்து துரை பக்கத்தில் மெள்ள உட்கார்ந்து, அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“அவன் இல்லன்னு எனக்குத் தெரியும்மே. நீ பொய் சொல்றப்ப தலையைக் குனிஞ்சிக்கிறியே.”

“தெரிஞ்சா ஏன் கேட்டுகினே இருந்தே?”

“கேக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு நீ பயந்துடுவியே. தெனமும் மலை இருக்கிற பக்கம் பாத்து வேண்டிக்கினேன்.”

“துரை கெடைக்கணும்னா?”

“இல்ல. இவளுக்கு ஒரு நாளாவது தூக்கத்தக் குடுன்னு.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் கண் சொக்கியது. பொம்பளை விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக் கூடாது, எனக்குத் தெரியாதா? துரைமேல் கையைப் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் அப்படியே தூங்கிவிட்டேன். வார்டு ஆயா சத்தம் போட வந்தாராம். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, எழுப்பாதீங்க என்றாராம். விடிந்துதான் எழுந்தேன்.

இவர் குணமாகி வயலுக்குப் போகிறார். நாங்கள் இப்போது ஒருவருக்கொருவர் எதையும் மறைப்பதில்லை. அழுதால் சேர்ந்து அழுகிறோம். உங்களில் எத்தனையோ பேர் வீட்டு மனுஷருக்குத் தெரியாமல் கவலையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருப்பீர்கள். உங்களுக்காகவும் யாரோ மலைமேல் இருக்கிறவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நம்புங்கள். சுமையை அவர் காலடியில் இறக்கி வையுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குங்கள்.