வலப்பக்கமே வளைந்த பந்து

நான் கோல்ஃப் விளையாடப் போனது ஆசைப்பட்டு அல்ல. சிரம்பானை அடுத்த செனவாங் பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். பதினாறு வருடமாக வாடிக்கையாளர்களிடம் போனில் பேசியும் தொழிற்சாலைகளுக்கு நேரில் போயுமே ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த மேனேஜருக்கு அது போதவில்லை.

"கஸ்டமர் எல்லாம் ஞாயித்துக்கிழமை கோல்ஃப் கிளப்லதான் இருக்காங்க. நீங்க ஆபீஸ்ல உக்காந்து ஈமெயில் அனுப்பிக்கிட்டு இருந்தா யாருலா பாக்கப் போறா?" என்றார்.

அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. பள்ளியில் வலைப்பந்து ஆடியதற்குப் பிறகு எந்தப் பந்தையும் தொட்டதில்லை. மறுநாளே அவர் தன் மனைவி ஒதுக்கிவிட்ட மட்டைகளைப் பையோடு கொண்டுவந்து என் மேசைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பை முழுக்கப் பூஞ்சை வாடை. பக்கப் பையில் கையை விட்டால் உருகி ஒட்டிய மிட்டாய், அதன் மேல் மூன்று பல்லி முட்டை ஓடுகள். கையுறை காய்ந்து கருவாடு போல விறைத்திருந்தது. பையைக் குளியலறையில் வைத்து இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அப்படியும் அந்த வாடை முழுதாகப் போகவில்லை.

சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஒரு துண்டைச் சமன் செய்து கட்டிய பயிற்சித் திடல் ஒன்று இருக்கிறது. ரஹாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். வேலை முடிந்து அங்கே போவேன். கூரைக்குக் கீழே வரிசையாக ரப்பர் விரிப்புகள் போட்டிருக்கும். ஈரத்தில் ஊறி நாறும். வாளியில் கொட்டித் தரும் பந்துகள் சேறும் பிசுக்குமாக இருக்கும். காற்று திசை மாறினால் தொலைவில் இருக்கும் செம்பனை ஆலையின் புளித்த நாற்றம் வந்து தொண்டையில் உட்காரும்.

சின்ன மட்டைகளால் அடித்தபோது பந்து ஓரளவு ஒழுங்காகவே போனது. டிரைவர் என்கிற அந்த நீள மட்டையை எடுத்தால்தான் வினை. கிளம்பும்போது நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் யாரோ கூப்பிட்டதைப் போல வலப்பக்கம் வளைந்து, திடலின் ஓரத்து வலையையும் தாண்டி, செம்பனை மரங்களுக்குள் போய் விழும். இதற்கு ஸ்லைஸ் என்று பெயராம். பத்துப் பந்து அடித்தால் ஒன்பது அப்படி. மீதி ஒன்று தரையில் உருளும்.

பந்து வலப்பக்கம் போகிறதே என்று நான் இடப்பக்கம் பார்த்து நின்றேன். இன்னும் அதிகமாக வளைந்தது. மேலும் இடப்பக்கம் திரும்பினேன். அது இன்னும் மோசம். வழியில் போகிற ஆண்கள் எல்லோருக்கும் என்னிடம் நின்று சொல்ல ஒரு யோசனை இருந்தது. தலையைத் தூக்காதே என்றார் ஒருவர். முழங்காலை மடக்கு என்றார் இன்னொருவர். சிகரெட்டை வாயில் வைத்தபடியே ஒருவர் பின்னால் வந்து என் இடுப்பைப் பிடித்துத் திருப்பிக் காட்டப் பார்த்தார். "கைய எடுங்க" என்றேன். நான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

இந்த நிலையில்தான் மேனேஜர் என்னை ரெம்பாவ் பக்கம் இருந்த ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனார். காலை எட்டு மணி. எங்களோடு இரண்டு வாடிக்கையாளர்கள். முதல் குழியின் வலப்பக்கம் நெடுக ஒரு வாய்க்கால் ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். நான் டிரைவரை எடுத்து அடித்தேன். வழக்கம் போலப் பந்து வளைந்து வாய்க்காலைத் தாண்டி மரங்களுக்குள் போனது. டொக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி உள்ளே இருந்து, "ஐயோ அம்மா!" என்று ஒரு பெண்ணின் குரல்.

பந்து ஆள் இருக்கிற பக்கம் போனால் அடித்தவர் உரக்கக் கத்தி எச்சரிக்க வேண்டும். அது இந்த விளையாட்டின் முதல் பாடம். எனக்கு அது தெரியும். ஆனால் பந்து வளையத் தொடங்கியபோது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: ஐயோ, இவர்கள் முன்னால் மானம் போகிறதே. வாயைத் திறக்கவே இல்லை. மற்ற மூன்று பேரும் திறக்கவில்லை.

"இன்னொரு பந்து எடுங்க" என்றார் மேனேஜர், மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தபடி.

நான் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். வாய்க்கால் மேல் இரண்டு பலகை கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போனால், ஒரு மரத்தடியில் என் வயதுள்ள ஒரு பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மண்ணில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறவர். பந்து அவருடைய தள்ளுவண்டியில் பட்டுத் தகரத்தை நசுக்கியிருந்தது. தள்ளுவண்டிக்கும் அவர் தலைக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது.

"அடி பட்டுச்சாங்க?" என்றேன்.

"இல்லக்கா. பயந்துட்டேன், அவ்ளோதான்." என்னை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கால்சட்டை. "நீங்களா அடிச்சீங்க?"

"நான்தான். மன்னிச்சிருங்க. இந்தப் பக்கம் ஆள் இருப்பாங்கன்னு…"

"தெரியாதா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சனி ஞாயிறு ஆனா இங்க விழுந்துகிட்டேதான் இருக்கும். எங்கள வேலை வாங்குற மண்டோர்கிட்ட ஹெல்மெட் கேட்டோம். சிரிக்கிறாரு. நீங்க ஒரு கத்து கத்துனா போதும்க்கா, நாங்க மரத்துக்குப் பின்னாடி போயிருவோம். யாருமே கத்த மாட்டேங்கிறீங்க. வாயில என்னதான் வச்சிருக்கீங்க?"

பழங்கள் சிதறிக் கிடந்தன. குனிந்து பொறுக்கப் போனேன். "விடுங்கக்கா, உடுப்பு அழுக்காயிரும்" என்று தடுத்துவிட்டார். அந்தச் சொல் அன்று முழுக்க என்னைக் குடைந்தது.

திரும்பி வந்ததும் மேனேஜர் கேட்டார்: "அடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்னலா? தோட்டத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். நானே தோட்டத்துல பொறந்தவன்தானே, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிச் சிரித்தார். வாடிக்கையாளர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டுமல்ல. ஒரு வார்த்தை பேசாமல், மைதானத்துக்குள் ஓட்டும் சின்ன வண்டியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேனே, அதற்கும்தான். அன்று மீதி ஆட்டம் முழுவதும் டிரைவரைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். "பிடிக்கலேன்னா விட்டுடு. வேலையா போயிடும்?" என்றார்.

"விடத்தான் போறேன். ஆனா இப்ப விட்டா, ஆளைக் கொல்லத் தெரிஞ்சவளாத்தானே விடுறேன்? நேரா அடிக்கக் கத்துக்கிட்டு விடுறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குமே அது பாதிதான் புரிந்தது.

திடலில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் ஒரு மலாய்க்காரர் இருந்தார். முன்பு போர்டிக்சன் ராணுவ முகாமில் இருந்தவர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம். நான் அடித்ததை நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துவிட்டு, விறகு வெட்டுகிறாய் என்று மலாயில் சொன்னார். சொல்லும்போது அழுகின பழத்தைப் பார்ப்பது போல மூக்கைச் சுளித்தார். ஆறுதலாகப் பேசுகிறவர்களிடம் சலித்துப் போயிருந்த எனக்கு அந்தச் சுளிப்பு நியாயமாகப் பட்டது.

என் தப்பு இரண்டு. மட்டையைப் பிடிக்கும்போது இடது கை ரொம்ப இடப்பக்கம் திரும்பியிருந்தது. அதனால் பந்தைத் தொடும் நேரத்தில் மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்துகொண்டது. அது போதாதென்று, பந்து வலப்பக்கம் போகிற பயத்தில் இடப்பக்கம் பார்த்து நின்றதால் மட்டை வெளியிலிருந்து உள்பக்கமாகப் பந்தை அறுத்துக்கொண்டு வந்தது. நான் திருத்தம் என்று நினைத்துச் செய்ததுதான் நோயே.

அவர் என் இடது கையை வலப்பக்கம் திருப்பி வைத்தார். மேலிருந்து பார்த்தால் மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். பிறகு ஒரு காலிச் செருப்புப் பெட்டியைப் பந்துக்கு அந்தப் பக்கம், சற்றுப் பின்னால் தள்ளி வைத்தார். வெளியிலிருந்து வெட்டினால் பெட்டியில்தான் படும். பட்டது. முதல் நாளே பெட்டி கிழிந்து தொங்கியது. "சாலா" என்றார், தப்பு என்று. மறுபடியும் அடித்தேன். மறுபடியும் "சாலா." மூன்று வாரத்தில் ஐந்து பெட்டிகள் போயின. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்பவளுக்கு அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

புதுப் பிடி கைக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. யாருடைய கையையோ கடன் வாங்கி மாட்டிக்கொண்டது போலிருந்தது. கட்டைவிரலில் கொப்புளம் வந்து, உடைந்து, நீர் கையுறையில் ஒட்டிக் காய்ந்தது. கையுறையைக் கழற்றும்போதெல்லாம் தோலும் கூட வந்தது. பந்து இப்போது இடப்பக்கம் உருண்டது. சில நாள் ஒன்றுமே படாமல் காற்றைத்தான் அடித்தேன். காரில் ஏறியதும் வாய்விட்டுத் திட்டினேன்: மேனேஜரை, மட்டையை, அந்த ஆலை நாற்றத்தை, இந்த வயதில் இதற்கு வந்து நிற்கும் என்னை.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. பெட்டி அசையவில்லை. கையில் அதிர்வே இல்லை, பந்தை அடித்தோமா என்றே சந்தேகம். நிமிர்ந்து பார்த்தால் பந்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. பயிற்சியாளர் "சாலா" சொல்லவில்லை. மூக்கும் சுளிக்கவில்லை. அன்று முப்பது பந்தில் இருபது நேராகப் போயின.

இரண்டு மாதம் கழித்து அதே ரெம்பாவ் மைதானம். வேறு இரண்டு வாடிக்கையாளர்கள். முதல் குழியில் என் பந்து புல்வெளியின் நடுவில் போய் நின்றது. கைதட்டினார்கள். அடுத்து மேனேஜர் அடித்தார். பந்து வலப்பக்கம் வளைந்தது. அவருக்கும் ஸ்லைஸ்தான். போன தடவை என் வெட்கத்திலேயே மூழ்கியிருந்த எனக்கு அதைக் கவனிக்கக்கூடத் தோன்றியிருக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு பந்தைப் பார்த்தபடி நின்றார்.

"பந்து! பந்து வருது! போலா!" என்று தமிழிலும் மலாயிலுமாக அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மரங்களுக்குள் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் செம்பனைக் குலை அறுக்கும் நீளமான அரிவாள் கம்போடு ஒரு ஆள் வெளியே வந்து கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

"ஏன்லா இப்படிக் கத்துறீங்க? கஸ்டமர் இருக்காங்க, சந்தக்கடை மாதிரி" என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க கத்தலேன்னா நான் கத்துவேன் சார். ஒவ்வொரு தடவையும்."

ஐந்தாவது குழி வரை அவர் பந்து நான்கு தடவை தோட்டத்துப் பக்கம் வளைந்தது, நான் நான்கு தடவை கத்தினேன். என் தொண்டை கட்டிவிட்டது. வாடிக்கையாளர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறாவது குழிக்குப் போகும் வழியில், வண்டியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கும் இப்படித்தானே போய்க்கிட்டு இருந்துச்சு? எப்படிச் சரியாச்சு?"

சொல்லக் கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. இவர் சாகும்வரை வளைந்த பந்தையே அடித்து எல்லோர் முன்னாலும் அசிங்கப்படட்டும் என்றிருந்தது. ஆனால் அந்தப் பந்து விழும் இடத்தில் அவர் இருக்க மாட்டார்.

"இடது கைய நீட்டுங்க சார்" என்றேன். அவருடைய கையுறை வியர்வையில் நனைந்து சொதசொதவென்று இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்து வலப்பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று முட்டி தெரிய வேண்டும் என்றேன். இடப்பக்கம் பார்த்து நிற்காதீர்கள் என்றேன். பிறகு என் கையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன், அவர் பார்க்கும்படியாகவே.

அன்று அவர் திருந்தவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் ஓரளவுக்குத் திருந்தினார் என்று கேள்விப்பட்டேன். என்னை அவர் அதற்குப் பிறகு மைதானத்துக்குக் கூப்பிடவில்லை. ஆர்டர்களை நான் பழையபடி போனிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஆபீஸ் கேண்டீனில் என் பின்னால் இருந்த மேசையில் அவர் குரல் கேட்டது. "ஒரு வீடியோ பார்த்தேன்லா. இடது கைய இப்படித் திருப்பணும், மூணு முட்டி தெரியணும். நானே சரி பண்ணிக்கிட்டேன்." கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கை கழுவினேன்.