துரை இல்லாத புல்வெளி

கண்டி வாவிக்கு மேலேயுள்ள பூங்காவில் புல் வெட்டிய வாசனை வந்தது. அப்பா வாசலிலேயே குனிந்து செருப்பைத் தொட்டார்.

எனக்கு எட்டு வயதில், கலஹாவிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்தபோதும் அப்படித்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அதை நடத்தும் துரையின் பங்களாவில் மட்டும்தான் புல்வெளி இருந்தது. அதில் எங்கள் செருப்பு படக்கூடாது. அன்று அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். உட்காரும் வாங்கு ஒன்று காலியாகக் கிடந்தது.

"உக்காரலாமாப்பா? கால் வலிக்குது."

"துரை வந்துட்டா? சும்மா நில்லு."

நின்றபடியே வாவியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இன்று என் மகள் காலில் சப்பாத்தோடு புல்லில் ஓடி வாங்கில் ஏறிக்கொண்டாள்.

"தாத்தா, கழட்டாதீங்க. இது பார்க்குதானே, வாங்க."

அப்பா நிமிர்ந்தார். செருப்போடு மெதுவாக நடந்துபோய் உட்கார்ந்தார். பிறகு பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி என்னைப் பார்த்தார்.

"கால் வலிக்கும், உக்காரு."