கட்டை அடுக்கும் பரீட்சை

குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ச்சி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தபோது என் மகளுக்கு மூன்று வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வந்தது இரண்டு இளம்பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், திண்டிவனத்து வெயிலைத் திட்டிக்கொண்டே வந்த முகங்கள். "அக்கா, உங்க குழந்தை எப்படி வளருதுன்னு நாங்க வருஷா வருஷம் பார்க்கப் போறோம்" என்றாள் ஒருத்தி. என் குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்க்க நான் இல்லையா என்ற கேள்வி வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

சம்மதப் படிவம் என்று எட்டுப் பக்கம் நீட்டினார்கள். அந்தத் தமிழை எழுதியவர் யாராக இருந்தாலும் அவரை என் எல்.கே.ஜி. வகுப்பில் ஒரு வருஷம் உட்காரவைக்க வேண்டும். 'நீங்கள் இதிலிருந்து விலகிக்கொள்ளுதலுக்குச் சுதந்திரமானவர்' என்று ஒரு வரி. 'தங்கள் மனநிலையானது தாழ்வானதாக உணரப்பட்டதா' என்று இன்னொரு வரி. சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கலாமா என்று கை அரித்தது. மீதியைப் படிக்காமலேயே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். போட்டவர்களுக்கெல்லாம் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று கிடைத்தது.

நான் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். அந்த வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் வேலை பாடம் நடத்துவது என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் என் வேலை, யாராவது பார்க்க வரும்போது பிள்ளைகளைச் சரியாகப் பதில் சொல்லவைப்பது. அதிகாரி வந்து கேள்வி கேட்பார். நான் அவருக்குப் பின்னால் நின்று மூக்கைத் தொடுவேன், காதைத் தொடுவேன், இரண்டு விரல் காட்டுவேன். பிள்ளைகள் பளிச்சென்று சொல்லும். அதிகாரி மகிழ்ந்து போவார். இதில் எங்கள் பள்ளியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று தாளாளரே மேடையில் பாராட்டியிருக்கிறார். எனக்கும் அதில் தலைகால் தெரியாத பெருமை இருந்தது.

அப்படிப்பட்ட டீச்சரின் மகள் பேசவில்லை. 'ப்பா', 'ங்கா' என்று இரண்டு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. என் கணவர் திண்டிவனம் மார்க்கெட்டுக்கு மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டை ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். அவருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

"தெரு முனையிலேர்ந்து ஆரன் அடிச்சிக்கினு வர்றேன். மத்த புள்ளைங்கலாம் ஓடியாருது. இவ மட்டும் முதுக காட்டிக்கினு மண்ணுல ஆடிக்கினு இருக்குறா. வண்டி கண்ணுல பட்டாத்தான் எழுந்து வர்றா. காது டாக்டராண்ட ஒரு தபா காட்டிடலாம்" என்றார்.

நான் எரிந்து விழுந்தேன். குக்கர் விசில் அடித்தால் திரும்புகிறாளே, கதவைச் சாத்தினால் பார்க்கிறாளே, உங்கள் ஆரனுக்கு ஓடி வரவில்லை என்றால் செவிடா என்று கேட்டேன். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று வகுப்பில் அம்மாக்களுக்குச் சொல்கிற அதே வார்த்தைகளை அவருக்கும் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. 'மிஸ்ஸோட பொண்ணே பேசல, இவங்க நம்ம பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுக்கப் போறாங்க' என்று பள்ளி வாசலில் ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதைக் கணவரிடம் நான் சொல்லவே இல்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் வாரத்துக்கு நாலு குடும்பமாக வேனில் ஏற்றி விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு மாடியில் அவர்களுடைய அறை. பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனாரும் அவள் மகனும் முதல் வாரமே போய்வந்தார்கள். வேனிலிருந்து இறங்கியவள் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராக என் சமையலறைக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, ஒண்ணும் பேஜாரு இல்லீங்க. பத்து கட்டை குடுப்பாங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். அப்பால வட்டம் போடணும். மூக்கு எங்க, கண்ணு எங்க, காது எங்கன்னு கேப்பாங்க. கடைசியா பின்னாடி நின்னுக்கினு பேர் சொல்லிக் கூப்புடுவாங்க, புள்ள திரும்பிப் பாக்கணும். அவ்ளோதான்!"

கேள்வித்தாள் கையில் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன செய்வோம் என்று எங்கள் ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ட்யூஷன் வைத்தேன். என் மகளுக்கு மட்டுமல்ல, வேனுக்குப் பெயர் கொடுத்திருந்த தெருப்பிள்ளைகள் ஐந்து பேருக்கும். தச்சுப் பட்டறையில் மிச்சம் விழுந்த மரத்துண்டுகளை வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பத்துக் கட்டை செய்தோம். சாயங்காலமானால் எங்கள் ஹாலில் பரீட்சைக்குப் படிப்பு. வளர்ச்சியை அளக்க வருகிறவர்களுக்கு மூன்று வயதுப் பிள்ளைகளைத் தயார் செய்கிறோமே, இது என்ன கூத்து என்று ஒரு தாய்க்கும் தோன்றவில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளை தன் பிள்ளையைவிட ஒரு கட்டை கூட அடுக்கிவிடக் கூடாது என்பதுதான். நான்கூட நாத்தனார் மகன் எத்தனை அடுக்கினான் என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

என் மகள் எல்லோரையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். அவள் கண் என் கையைவிட்டு நகராது. நான் மூக்கைத் தொட்டால் அவளும் மூக்கைத் தொடுவாள். முகவாயை லேசாக இடது பக்கம் அசைத்தால் உடனே திரும்பிப் பின்னால் பார்ப்பாள். இவ்வளவு கெட்டிக்காரக் குழந்தைக்கா குறை என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

எங்கள் முறை வந்தது. விழுப்புரத்து மாடியறையில் சுவரெல்லாம் யானையும் முயலும் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மோர் குடித்த அதே பெண்தான் சோதித்தாள். அம்மா உதவி செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, என்னை மகளுக்கு நேர் எதிரே உட்காரவைத்துவிட்டு, டேப்லெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். குழந்தையைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள் குழந்தையைப் பார்த்தது பாதி நேரம்கூட இருக்காது. கட்டை சரிந்தபோது பார்த்தாள், பென்சில் கீழே விழுந்தபோது பார்த்தாள். என் மூக்கையும் காதையும் அவள் பார்க்கவே இல்லை.

கடைசியில் எழுந்து மகளின் முதுகுப் பக்கம் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை கூப்பிட்டாள். நான் முகவாயை அசைத்தேன். மகள் திரும்பினாள்.

"சூப்பர்!" என்று அந்தப் பெண் கை தட்டினாள். நானும் தட்டினேன்.

பிறகு எத்தனை வார்த்தை பேசுவாள் என்று கேட்டாள். ஐம்பதுக்கு மேல் என்று அளந்துவிட்டேன். ஏன் இங்கே பேசவில்லை என்றதற்குக் கூச்சம் என்றேன். அப்புறம் என் மனநலம் பற்றிய பகுதி. கடந்த இரண்டு வாரத்தில் அழுகை வந்ததா, தூக்கம் கெட்டதா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. அன்று காலையில்கூட குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டுத்தான் வந்திருந்தேன். டேப்லெட்டை விட்டுத் தலை நிமிராமல் கேட்கிற ஒரு சின்னப் பெண்ணிடம் அதை எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒரு தட்டு தட்டிவிட்டு, சந்தோஷமாக அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்துத் தாள் வந்தது. 'வயதுக்கேற்ற நல்ல வளர்ச்சி' என்று அச்சடித்து, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தார்கள். அதைக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாத்தீங்களா? படிச்சவங்க சொல்லிட்டாங்க. இனிமே காது கீதுன்னு வாயத் தொறக்காதீங்க" என்றேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதற்கப்புறம் ஒரு வருஷம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என் விஷயம் அதைவிடக் கேவலம். நானே திருட்டுத்தனமாகப் போட்ட மார்க்கை நானே நம்பிவிட்டேன். ராத்திரி சந்தேகம் வந்தால் அந்தத் தாளை நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

அடுத்த வருஷம் மறுபடி வேன் வந்தது. ஒரு வாரம் முன்பிருந்தே பழைய பாடத்தை ஓட்டியிருந்தேன். ஆனால் இந்த முறை சோதித்தது வேறொரு அம்மாள். நாற்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, கையில் டேப்லெட் இல்லை. "நீங்க வெளியில இருங்கம்மா. கதவுக் கண்ணாடி வழியா பாருங்க. உள்ளேயிருந்து பார்த்தா குழந்தைக்கு உங்க முகம் தெரியாது" என்றார்.

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் கட்டைகளை எடுக்கவே இல்லை. ஒரு படப் புத்தகத்தைத் திறந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். மகள் புத்தகத்தைப் பார்த்தாள். என்னைத் தேடினாள். நான் எங்கும் இல்லை. பிறகு தானே எட்டி, மேஜையோரத்தில் இருந்த பெட்டியைத் திறந்து, கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பென்சிலை எடுத்து வட்டம் போட்டாள். மூக்கைத் தொட்டாள், கண்ணைத் தொட்டாள், காதைத் தொட்டாள். அப்புறம், யாரும் கூப்பிடாமலேயே திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே யாருமில்லை. சுவர்தான் இருந்தது. பாராட்டுக்காக அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த அம்மாள் எழுந்து, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டில் கரண்டியால் தட்டினார். மெதுவாக ஒரு முறை, கொஞ்சம் பலமாக ஒரு முறை. மகள் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

என்னை உள்ளே கூப்பிட்டார். பழைய தாள் அவர் முன்னால் இருந்தது. "உங்க ஊர்ப் பசங்க எல்லாருமே போன வருஷம் ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க. திண்டிவனத்துல மட்டும் ஏன் இப்படின்னு எங்க ஆபீஸ்ல தனியா ஒரு மீட்டிங்கே போட்டாங்க" என்றார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். அவ்வளவு படித்தவர்கள் கூடி உட்கார்ந்து என் ஹால் ட்யூஷனுக்குக் காரணம் தேடியிருக்கிறார்கள். "கூப்பிட்டதும் திரும்பினாள்னு இதுல எழுதியிருக்கு. நிஜமா திரும்பினாளாம்மா?" என்று கேட்டார்.

கூச்சம், காய்ச்சல், வேன் பயணத்தில் களைப்பு என்று மூன்று பதில் தயாராக இருந்தது. எதைச் சொல்லியிருந்தாலும் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள், இன்னொரு சிரிக்கிற முகம் வந்திருக்கும், இன்னொரு வருஷம் ஓடியிருக்கும். மகள் என் புடவையைப் பிடித்து இழுத்து, நன்றாகச் செய்தேனா என்பதுபோல முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"கூப்புட்டதுக்குத் திரும்பல மேடம். நான் சாடை காட்டினேன்" என்றேன். "அவ பேசவும் மாட்டா. ஐம்பது வார்த்தைன்னு நான் சொன்னது பொய்."

அவர் திட்டவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். அந்த நன்றி எனக்கு எரிச்சலாக இருந்தது. போன வருஷமே யாராவது என் முகத்தை நிமிர்ந்து பார்த்து அதட்டியிருந்தால் என்ன என்று கத்தத் தோன்றியது. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் தெரிந்திருந்தது. காது டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு காதிலும் குறை, பலத்த சத்தம் மட்டும் கேட்கிறது, மெஷின் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். "எப்போலேர்ந்து சந்தேகம்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "இப்பத்தான் சார். கொஞ்ச நாளாத்தான்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா பேச்சு இன்னும் சுலபமா வந்திருக்கும். பரவாயில்ல, இனிமே விடாம பண்ணுங்க" என்றார் டாக்டர். கணவர் தலையாட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸு வந்துரும், ஜல்தி வா" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைக் கையை நீட்டி அடித்திருந்தால்கூட அந்த அளவுக்கு வலித்திருக்காது.

இப்போது அவளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. இரண்டு காதிலும் மெஷின். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் விழுப்புரம் போகிறோம். அப்பா, தண்ணி, வண்டி, பூனை, வேணாம் என்று சொல்கிறாள். நாத்தனார் மகனை 'டேய்' என்கிறாள். 'அம்மா' மட்டும் இன்னும் வரவில்லை. நான் வேண்டுமென்றால் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள்.

போன வாரம் நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலில் கணவர் அவளை மடியில் உட்காரவைத்து, என்னைக் காட்டி, "அம்மா சொல்லு. ம்... மா... சொன்னா அம்மா சிரிப்பாங்க, சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் அவர் வாயையே உற்றுப் பார்த்து உதட்டைச் சேர்த்து மூடினாள்.

"வேணாங்க, விடுங்க" என்று உள்ளிருந்தே கத்தினேன். "அத மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க. அதுவா வரட்டும்."