கல்யாணமானவள் ஓடக்கூடாது

அறுபதுகளின் கடைசியில், பத்தாம் வகுப்பு விடுமுறையில் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். படிப்பை முடிக்கட்டும் என்று மாமியார் வீட்டிலும் பள்ளிக்கூடம் போக விட்டார்கள். ஆனால் கல்யாணமான பெண்கள் விளையாட்டுப் போட்டிகளில் சேரக்கூடாது என்று பள்ளிகளில் விதி இருந்தது.

எனக்கோ ஓட்டம்தான் உயிர். தாலியை ரவிக்கைக்குள் ஊக்கு குத்தி மறைத்துக்கொண்டு, விருத்தாசலத்தில் பள்ளிகளுக்கிடையே நடந்த பந்தயத்தில் ஓடினேன். முதலாவதாக வந்தேன். குனிந்து மூச்சு வாங்கியபோது ஊக்கு கழன்று தாலி வெளியே தொங்கியது. நடுவராக இருந்த டீச்சர் பார்த்துவிட்டார்.

"கல்யாணம் ஆயிடுச்சா? அப்ப வூட்டுல இருக்க வேண்டியதுதான!"

என்னை ஒதுக்கிவிட்டு, இரண்டாவதாக வந்த சேத்தியாத்தோப்புப் பெண்ணிடம், "முதல் பரிசு உனக்குத்தான், வா" என்றார். அவள் எனக்கு முன்பின் தெரியாதவள்.

"அக்கா காலாலதான டீச்சர் ஓடுனாங்க? தாலியாலயா ஓடுனாங்க?" என்றாள்.

டீச்சர் அதட்டினார். பரிசு கொடுக்கும்போது அவள் மேடையில் இரண்டாம் இடத்துக்கான படியிலேயே நின்றாள். எவ்வளவு சொல்லியும் மேலே ஏறவில்லை. பரிசான பீங்கான் ஜாடியை அங்கேயே அவள் கையில் திணித்தார்கள்.

நான் திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டதாகத்தான் அதுவரை கூனிக்குறுகி நின்றேன். விதியே தப்பாக இருக்கலாம் என்பது அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது. ஆனால் அந்தப் பந்தயத்தோடு என் ஓட்டம் முடிந்துபோனது.