கல்லில் இருந்த பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலுள்ள ஒரு நினைவுச்சின்னத்தின் வரலாற்றை எழுதிவரச் சொன்னார் டீச்சர். நானும் என் தோழியும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையோரம் நின்ற கல்லைத் தேர்ந்தெடுத்தோம். வேலைநிறுத்தத்தில் சுடப்பட்டு இறந்த ஒரு தொழிலாளிக்காக லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் ஆட்கள் நட்ட கல் அது.

அவருடைய மனைவி அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் ஆசையாகப் பதில் சொன்னார். கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்தி, "எம் பேரப் போடாதீங்க புள்ள. தமிழ் ஆளுங்களுக்கு இப்ப காலம் சரியில்ல" என்றார்.

மறுநாள் கல்லில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தோம். வெளியூர் லொறியொன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒருவர் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். செத்துப்போனவரின் பெயர் என்றேன். அவர் தமிழ் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் லயங்களின் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். லொறியில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே ஒரு காலையில் கல் உடைந்து கிடந்தது. அந்த அம்மா பாதையில் குந்தி, துண்டுகளைச் சேலைத்தலைப்பில் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "இத உடைக்கிறதுக்கா அவ்வளவு தூரம் வந்தாங்க?" என்று கேட்டார். நாங்களும் குந்திப் பொறுக்கினோம்.

டீச்சர் கல்லுக்குப் பதிலாக ரயில் நிலையத்தைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அப்பா எங்கள் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா போறோம்?"

"இனி இங்க இருக்க முடியாது. எங்கன்னு இன்னும் தெரியல" என்றார்.